ஃபுளூக் 87வி: கரண்டை நிறுத்திவிட்டு டிரைவைச் சோதிக்க இவ்வளவு பெரிய மீட்டர் வேண்டுமா?

நின்றுபோன விஎஃப்டி டிரைவின் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) பவர் பகுதியைக் கரண்ட் இல்லாமல் சோதிப்பது மட்டுமே உங்கள் வேலை என்றால், ஃபுளூக் 87வி மீட்டருக்குக் கொடுக்கும் காசில் பாதி வீண். அதற்குப் பெயர் வாங்கித் தந்த, ஓடும் டிரைவின் அவுட்புட்டை அளக்க உதவும் லோ பாஸ் ஃபில்டரை ஒரு தடவைகூட அமுக்க மாட்டீர்கள். ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே, அதில்தான் கை பிழைக்கிறது. இந்த மதிப்பீடு அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

குமரி மாவட்டத்தில் டிரைவ் நுழையாத தொழில் இப்போது குறைவு. குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து ஐஸ் பிளாண்ட், ஆரல்வாய்மொழி நூற்பாலை, மார்த்தாண்டம் சுற்றிலும் உள்ள அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), குலசேகரம் பக்கத்து ரப்பர் வேலை, நாகர்கோவில் கடைகளின் லிஃப்ட், கன்னியாகுமரி விடுதிகளின் தண்ணீர் பம்ப் என்று எங்கும் அது வந்துவிட்டது. கூடவே இரண்டு பருவமழை, சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல், நாளுக்கு நாலு தடவை கரண்ட் போய் வருவது, கடலோர உப்புக் காற்று. டிரைவ் கெடுவதற்கு வேண்டிய எல்லாம் இங்கே ஒரே இடத்தில் கிடைக்கும்.

டிரைவ் நின்றதும் எழும் முதல் கேள்வி, பவர் பகுதி போயிற்றா, கன்ட்ரோல் கார்டு போயிற்றா என்பது. இதற்குப் பாதிப் பதில் கரண்டே கொடுக்காமல், மீட்டரின் டயோடு மோடில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அதை விட்டுவிட்டு "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று பிரேக்கரை ஏற்றுகிறவர்கள்தான் ஒரு ஐஜிபிடி (மோட்டாருக்குப் போகும் கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும் எலெக்ட்ரானிக் சுவிட்ச்) ஷார்ட்டை ஆறு ஐஜிபிடி ஷார்ட்டாக ஆக்குகிறார்கள். ஐஜிபிடியை இயக்கும் கேட் டிரைவர் கார்டும் சேர்ந்து போகும்.

இந்தச் சோதனையில் உண்மையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. உள்ளே கரண்ட் இல்லை என்று உறுதி செய்வது ஒன்று. டயோடு வாசிப்பது மற்றொன்று. இரண்டாவது வேலையை நல்ல பேட்டரி உள்ள எந்தச் சாதாரண மீட்டரும் செய்யும். 87வி தன் விலையைச் சம்பாதிப்பது முதல் வேலையில். அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்கிறோம்.

415 வோல்ட் மூன்று ஃபேஸ் டிரைவில் டிசி பஸ் (ஏசியை டிசியாக்கிக் கெப்பாசிட்டரில் தேக்கும் பாதை) வோல்டேஜ் 415 பெருக்கல் 1.414, அதாவது சுமார் 587 வோல்ட். லிஃப்ட், கிரேன் மாதிரி பிரேக் போட்டு இறக்கும் இடத்தில் அது 750-ஐத் தாண்டும். கேட்டகிரி என்பது மீட்டரின் பாதுகாப்பு வகுப்பு; கேட்டகிரி 3, 600 வோல்ட் என்று எழுதிய மீட்டர் இந்த வேலைக்குப் போதாது. பலர் விரும்பி வாங்கும் ஃபுளூக் 117 அந்த வகைதான். வீட்டு வயரிங்குக்கு அருமையான மீட்டர். 415 வோல்ட் டிரைவின் பஸ்ஸில் வைக்கக் கூடாது. 87வி கேட்டகிரி 3-ல் 1,000 வோல்ட், கேட்டகிரி 4-ல் 600 வோல்ட். எண்ணில் 400 வோல்ட் வித்தியாசம் மாதிரி தெரிந்தாலும் விஷயம் அதுவல்ல. கேட்டகிரி 3-ல் 600 வோல்ட் மீட்டர் 6,000 வோல்ட் பல்ஸைத் தாங்க வேண்டும், 1,000 வோல்ட் மீட்டர் 8,000 வோல்ட் பல்ஸைத் தாங்க வேண்டும். இடிமழை நேரத்தில் பேனல் முன் நிற்கிறவருக்கு இந்த 2,000 வோல்ட்டின் அருமை தெரியும்.

முப்பந்தல் காற்றாலைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கன்வெர்ட்டர் உள்ள புதிய இயந்திரங்களில் 690 வோல்ட் லைன் இருக்கும். சாதாரண ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் ஆறு டயோடு) கணக்கிலேயே பஸ் 976 வோல்ட். ஐஜிபிடி வைத்த முன்பக்கம் என்றால் 1,000-ஐத் தாண்டிவிடும். அங்கே 87வி-யும் போதாது, 1,500 வோல்ட் டிசி தாங்கும் கருவி வேண்டும்.

இனி நேரக் கணக்கு. ஒரு நடுத்தர டிரைவில் பஸ் கெப்பாசிட்டர் மொத்தம் 2,000 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள். 587 வோல்ட்டில் அதற்குள் இருப்பது சுமார் 345 ஜூல். ஒரு கிலோ படிக்கல்லை 35 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி அது. கெப்பாசிட்டர்கள் இரண்டு இரண்டாகத் தொடரில் இருக்கும். வோல்டேஜைச் சமமாகப் பிரிக்க ஒவ்வொன்றின் குறுக்கிலும் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். இரண்டும் 47 கிலோ ஓம் என்றால் மொத்தம் 94. இந்த ரெசிஸ்டர் வழியாக மட்டும் 587-லிருந்து 50-க்கு இறங்க 7 நிமிடம் 40 விநாடிக்கு மேல் ஆகும்.

நல்ல டிரைவ் இதைவிடச் சீக்கிரம் இறங்கிவிடும். உள்ளே கார்டுகளுக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பஸ்ஸிலிருந்தே கரண்டை இழுப்பதுதான் காரணம். சோதனைக்கு வரும் டிரைவோ கெட்ட டிரைவ். அதில் எஸ்எம்பிஎஸ் செத்திருந்தால் இழுக்க ஆளில்லை. அந்த ரெசிஸ்டரில் ஒன்று ஓப்பன் என்றால் இன்னும் மோசம், ஒரு வரிசை கெப்பாசிட்டர் மணிக்கணக்கில் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும். "இதே டிரைவ்தான், போன தடவை அஞ்சே நிமிஷத்துல இறங்கிச்சு" என்ற அனுபவம் இங்கே செல்லாது. சார்ஜ் லைட் அணைந்ததும் சாட்சி இல்லை; அந்த எல்இடியே போயிருக்கலாம். கவரில் எழுதிய நிமிடம் காத்திருங்கள், பிறகு மீட்டரை வையுங்கள். இரண்டும் வேண்டும்.

மீட்டரை வைப்பதற்கு முன் கரண்ட் வரும் வழிகளை எண்ணுங்கள். மெயின் பிரேக்கரான எம்சிசிபியை அணைத்துப் பூட்டு போட்டு, சாவி பையில் இருக்க வேண்டும். ஈபி கரண்ட் போனால் தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர் இருந்தால் அதன் கன்ட்ரோலையும் நிறுத்த வேண்டும். ஐஸ் பிளாண்ட்டில் மறந்துபோவது இதுதான். டிரைவின் ரிலே முனைகளில் வேறு பேனலிலிருந்து 230 வோல்ட் வந்து நிற்கலாம், மெயின் அணைத்தாலும் அது போகாது. பெர்மனென்ட் மேக்னட் மோட்டார் என்றால் இன்னொரு வழி உண்டு. காற்றில் ஃபேன் சுழன்றாலோ கியர்லெஸ் லிஃப்ட் நகர்ந்தாலோ மோட்டாரே ஜெனரேட்டராகி யூ, வி, டபிள்யூ என்ற மோட்டார் முனைகளில் வோல்டேஜ் தரும். மோட்டார் தண்டைக் கட்டிப்போடுங்கள், அல்லது பிரேக் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று படிச் சோதனை எல்லாரும் சொல்வதுதான். கரண்ட் உள்ள ஒரு சாக்கெட்டில் மீட்டரைப் பார்த்து, பிறகு டிரைவில் பார்த்து, மறுபடி அதே சாக்கெட்டில் பார்க்க வேண்டும். நடுவில் புரோப் வயர் அறுந்திருந்தால் மூன்றாவது படி காட்டிக்கொடுக்கும். இங்கே 87வி வைக்கும் கண்ணி ஒன்று உண்டு. அதில் ஏசி வோல்ட், டிசி வோல்ட் இரண்டும் தனித்தனி இடம். ஏசியில் வைத்தால் அது டிசியை வடிகட்டி ஏசியை மட்டும் படிக்கும். சாக்கெட்டில் 230 பார்த்துவிட்டு, திருகியை (மோடு மாற்றும் டயல்) திருப்பாமல் அப்படியே டிசி பஸ்ஸில் வைத்தால், 587 வோல்ட் நிற்கும் பஸ்ஸில் கிட்டத்தட்ட சைபர் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஏசி, டிசி எதுவானாலும் தானே கண்டுபிடிக்கும் 117-ன் ஆட்டோ வோல்ட் மோடு கெட்டிக்காரத்தனமானது. 87வி-யில் அது இல்லை. பேய் வோல்டேஜை விழுங்கிவிடும் தாழ்ந்த இம்பீடன்ஸ் மோடும் இல்லை. அதனால் கழற்றிய கேபிள், பக்கத்து கேபிளிலிருந்து தொற்றும் பேய் வோல்டேஜில் 40, 60 என்று காட்டிக் குழப்பும். இதற்காகவே 87வி-யோடு, பஸ் வோல்டேஜுக்கு ஏற்ற ரேட்டிங் உள்ள இருமுனை வோல்டேஜ் டெஸ்டர் ஒன்றும் வைத்திருப்பது நல்லது. இந்தக் குறை எங்களுக்குச் சிறியதாகப் படவில்லை.

டிசி வோல்ட்டில் பார்க்க வேண்டிய இடங்கள்: பஸ் பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவில், இரண்டிலிருந்தும் எர்த்துக்கு. பிறகு ஏசியில் மெயின் வரும் எல்1, எல்2, எல்3 தமக்குள்ளும் எர்த்துக்கும், அதேபோல் யூ, வி, டபிள்யூ. முனைப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டான்ஃபாஸில் மெயின் 91, 92, 93. மோட்டார் 96, 97, 98. பஸ் மைனஸ் 88, பிளஸ் 89. பிரேக் 81, 82. மிட்சுபிஷியில் பி (P), என் (N) என்று இருக்கும், பக்கத்தில் பி1 (P1). ஏபிபியில் யூடிசி பிளஸ், மைனஸ். டெல்டாவில் +1, +2 என்று எண்ணும் பி1, பி2 (B1, B2) என்ற பிரேக் முனைகளும் கலந்து வரும். மிட்சுபிஷி பழகிய கண் இங்கே தடுமாறும். கையேட்டைத் திறந்து பார்ப்பதில் வெட்கமில்லை.

30 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 87வி திரையில் மின்னல் குறி வந்துவிடும். எண்ணைப் படிக்கும் முன்பே கண்ணில் படும், நல்ல ஏற்பாடு. 50-க்குக் கீழே இறங்காமல் கை வைக்கக் கூடாது என்பது பொது வழக்கம், கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் கணக்கு. இறங்க மாட்டேன் என்று நின்றால் ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடுவது இங்கே பல பட்டறைகளில் இன்றும் வீரம். கெப்பாசிட்டரின் உள் இணைப்பும் போகும், முனையும் உருகும், கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை. 2.2 கிலோ ஓம், 50 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை 1,000 வோல்ட் இன்சுலேஷன் உள்ள வயரில் இரண்டு புரோபோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 2,000 மைக்ரோஃபாரட்டை 587-லிருந்து 50-க்கு அது 11 விநாடியில் இறக்கும். கையுறை போட்டு, மீட்டரையும் பஸ்ஸிலேயே வைத்தபடி செய்யுங்கள். எடுத்த பின் ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தால் சில வோல்ட் மீண்டும் ஏறியிருக்கும். பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு அந்தக் குணம் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. மறுபடி ஒரு தடவை இறக்கினால் போதும்.

புரோப் பற்றி ஒரு வார்த்தை. டிரைவ் முனைகள் பள்ளத்துக்குள் இருக்கும். முனையில் 4 மில்லிமீட்டர் மட்டும் உலோகம் தெரியும் பாதுகாப்பான புரோப் திருகின் தலையைத் தொடாது. உறையைக் கழற்றினால் நீளமான உலோகம் பக்கத்து முனையையும் தொடும். உறையைத் திருகி 4 மில்லிமீட்டரிலிருந்து 19 வரை நீட்டக்கூடிய டிஎல்175 வயர் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்கிறது. பஸ்ஸை அளக்கும்போது குட்டையாக, எல்லாம் செத்தது என்று உறுதியான பின் டயோடுக்கு நீளமாக வைத்துக்கொள்ளலாம். புது மீட்டரைவிடப் புது வயர் அதிகம் பயன் தரும் இடங்களில் இது ஒன்று.

இனி டயோடு. மெயின் கேபிள், மோட்டார் கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். மோட்டார் இணைந்திருந்தால் அதன் சுற்று வழியாக யூ, வி, டபிள்யூ மூன்றும் ஒன்றாகிவிடும். ஒரு கால் (ஒரு முனைக்கான மேல், கீழ் ஐஜிபிடி ஜோடி) ஷார்ட் என்றால் மூன்றும் ஷார்ட் மாதிரி காட்டும். 87வி-யில் டயோடுக்கென்றே திருகியில் தனி இடம் இருப்பது வசதி. பல மீட்டர்களில் ஓம், பஸ்ஸர், டயோடு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும்; மோடு மாற்றும் பட்டனை மறந்து ஓமில் அளந்து "0.4 வோல்ட்" என்று எழுதி வைக்கிறவர்கள் உண்டு.

முதலில் மொத்தமாக ஒரு பார்வை. சிவப்பை பஸ் மைனஸ்ஸிலும் கறுப்பை பஸ் பிளஸ்ஸிலும் வைத்தால் இரண்டு டயோடு தொடரில், 0.7-லிருந்து 0.9 வரை வரும். மாற்றி வைத்தால் எண் சைபர் பக்கத்திலிருந்து மெல்ல ஏறி கடைசியில் ஓஎல் (கரண்ட் போக வழியில்லை என்ற குறி) ஆகும். மீட்டர் கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்கிறது. டயோடு மோடு தரும் கரண்ட் 1 மில்லியாம்பியர் என்று கொண்டால், 1,000 மைக்ரோஃபாரட்டில் விநாடிக்கு 1 வோல்ட் ஏறும், 5,000-ல் ஐந்து விநாடிக்கு 1 வோல்ட்தான். பெரிய டிரைவில் இந்த ஏற்றத்துக்குப் பொறுமை இல்லாமல் முதல் விநாடி எண்ணைப் பார்த்து "பஸ் ஷார்ட்" என்று தீர்ப்பு எழுதுவது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணத் தப்பு. ஏறுகிறதா, அசையாமல் 0.00-லேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால்தான் ஷார்ட்.

ரெக்டிஃபையருக்கு: சிவப்பு பஸ் மைனஸ்ஸில், கறுப்பு எல்1, எல்2, எல்3 ஒவ்வொன்றிலும். கீழ் மூன்று டயோடும் வரும். பிறகு கறுப்பு பஸ் பிளஸ்ஸில், சிவப்பு எல்1, எல்2, எல்3 ஒவ்வொன்றிலும். மேல் மூன்றும் வரும். 0.4-லிருந்து 0.6 வரை எதிர்பார்க்கலாம். ஐஜிபிடிகள் இருக்கும் இன்வெர்ட்டர் பக்கமும் இதே வரிசை, எல் முனைகளுக்குப் பதில் யூ, வி, டபிள்யூ. ஐஜிபிடியோடு சேர்ந்த ஃப்ரீவீல் டயோடு இன்னும் சற்றுக் குறைவாக, 0.3-லிருந்து 0.5 வரை காட்டும். புரோபைத் திருப்பி வைத்தால் எல்லாம் ஓஎல் ஆக வேண்டும், கெப்பாசிட்டர் ஏற்றம் முடிந்த பின்.

எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு டிரைவில் சிவப்பு மைனஸ்ஸில் இருக்கும்போது இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

எல்1 0.462, எல்2 0.459, எல்3 0.465
யூ 0.384, வி 0.381, டபிள்யூ 0.002

ரெக்டிஃபையரின் கீழ்ப் பாதியில் குறையில்லை. டபிள்யூ காலில் கீழ் ஐஜிபிடி ஷார்ட். அதோடு நிறுத்தாமல் மேல் பக்கமும் பாருங்கள். டபிள்யூ மேலும் போயிருந்தால் அது பஸ்ஸையே குறுக்கே அடித்திருக்கும். ஃபியூஸும் ரெக்டிஃபையரும் சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். மேல் நன்றாக இருந்தால் முதல் சந்தேகம் மோட்டார் கேபிள் மீதும், தண்ணீர் புகுந்த டெர்மினல் பாக்ஸ் மீதும்.

இதே இடத்தில் டபிள்யூ 0.300 காட்டி மற்ற இரண்டும் 0.38 காட்டினால் ஷார்ட் இல்லை, ஆனால் சந்தேகம். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் முனையைச் சுரண்டித் துடைத்து மறுபடி பாருங்கள். கடலோரத்தில் பாதிச் சந்தேகம் இந்தச் சுரண்டலில் தீர்ந்துவிடும். ஐஸ் பிளாண்ட்டில் அமோனியா கசியும் இடமென்றால் செம்பு முனைகள் நீலப்பச்சையாகப் பூத்திருக்கும். அந்தப் பூப்பின் மேல் புரோப் வைத்தால் வருவது டயோடின் எண் அல்ல. இப்போதுதான் அணைத்த சூடான டிரைவும் குறைத்துக் காட்டும். சிலிக்கான் டயோடு ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும், 40 டிகிரி சூடு அதிகமென்றால் 0.08 வோல்ட் குறையும். ஆறவிட்டு அளந்தால் பழைய குறிப்போடு ஒப்பிட முடியும்.

மேல் மூன்று டயோடும் ஒன்றாக ஓஎல் காட்டுவது ஒரு தனிச் சமாசாரம். மூன்று டயோடு ஒரே நேரத்தில் ஒரே மாதிரி திறந்துகொள்ளாது. முதலில் பி1-க்கும் (P1) பி-க்கும் (P) நடுவில் இருக்க வேண்டிய ஜம்பர் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். டிசி சோக் (பஸ்ஸில் போடும் காயில்) மாட்டக் கழற்றி, மறுபடி போடாமல் விட்டிருப்பார்கள். அது இருந்தால் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர். கரண்ட் வந்ததும் கெப்பாசிட்டர் முழு வேகத்தில் இழுக்காமல் தடுக்கும் ரெசிஸ்டர் அது; சார்ஜ் ஆனதும் ரிலே அதைக் கடந்துவிடும். கரண்ட் அடிக்கடி போய் வரும் ஊரில் முதலில் வெந்துபோவது அதுதான். மாட்யூல் நன்றாகவே இருக்கும், சிறிய ரெசிஸ்டருக்காக மொத்த டிரைவையும் தூக்கிப்போடுவார்கள். மூன்றாவது சாத்தியம், பெரிய டிரைவுகளில் மேல் பாதியில் டயோடுக்குப் பதில் எஸ்சிஆர் (கேட்டில் சிக்னல் வந்தால்தான் கடத்தும் டயோடு) இருப்பது. அது இரண்டு பக்கமும் ஓஎல்தான் காட்டும், அது குறையில்லை.

பிரேக் முனை இருந்தால் அதையும் விட வேண்டாம். சிவப்பு பிரேக் முனையில், கறுப்பு பஸ் பிளஸ்ஸில் வைத்தால் டயோடு வர வேண்டும். அளக்கும்போது வெளியே உள்ள பிரேக் ரெசிஸ்டரைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அதன் சில ஓம்தான் தெரியும். பிரேக் ஐஜிபிடி ஷார்ட் ஆன டிரைவுக்குக் கரண்ட் கொடுத்தால் கூரை மேல் இருக்கும் ரெசிஸ்டர் பெட்டி சிவந்துவிடும்.

கெப்பாசிட்டர் அளக்க 87வி-யில் 9,999 மைக்ரோஃபாரட் வரை இடமிருக்கிறது, பஸ் கெப்பாசிட்டருக்குத் தாராளம். விலை குறைந்த பல மீட்டர்கள் இதில்தான் காலை வாரும். ஓம் இடத்தில் வைத்து மஞ்சள் பட்டனை அமுக்க வேண்டும். சார்ஜ் மிச்சம் இருந்தால் எண்ணுக்குப் பதில் திரையில் "டிஸ்க்" என்று எழுத்து வரும்; இறக்கிவிட்டு வா என்கிறது. போர்டிலிருந்து கழற்றித்தான் அளக்க வேண்டும், எழுதியதிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒன்று போனால் வரிசை முழுவதும் மாற்றுங்கள், பழையதும் புதியதும் தொடரில் வோல்டேஜைச் சமமாகப் பிரித்துக்கொள்ளாது. இந்த மீட்டர் இஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ்) காட்டாது. கொள்ளளவு சரியாக இருந்தும் இஎஸ்ஆர் ஏறிப்போன கெப்பாசிட்டரைப் பிடிக்க எல்சிஆர் மீட்டர்தான் வேண்டும்.

கழற்றிய மாட்யூலில் கேட், எமிட்டர் நடுவில் ஓம் பார்க்கலாம். போர்டோடு இருந்தால் கேட்டுக்கு இணையாக இருக்கும் ரெசிஸ்டரின் மதிப்பு, பல போர்டில் 10 கிலோ ஓம் பக்கம், ஆறிலும் ஒன்றுபோல வர வேண்டும். தனி மாட்யூலில் ஓஎல். கையில் எர்த் பட்டை இல்லாமல் கேட் பின்னைத் தொடாதீர்கள், நைலான் சட்டை ஒன்றே அதைக் கொல்லப் போதும்.

மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வைண்டிங் கடைகளில் கை முதலில் அதைத்தான் தேடும். 500 வோல்ட் மெக்கர் மோட்டாருக்கு, கேபிளைக் கழற்றிய பிறகு மட்டும். டிரைவ் இணைந்திருக்கும்போது சுற்றினால் ஐஜிபிடிக்கும் போர்டுக்கும் அது அடி. ஃபில்டர் கெப்பாசிட்டரும் வேரிஸ்டரும் குறுக்கே இருப்பதால் வரும் எண்ணும் பொய்.

இத்தனையும் சரியாக வந்தால் டிரைவ் நல்லது என்று எழுதிக் கொடுக்கலாமா? கூடாது. இந்தச் சோதனை ஐஜிபிடியைத் திறந்து பார்க்கவில்லை, அதன் முதுகில் இருக்கும் டயோடை மட்டும் பார்க்கிறது. உள்ளே கம்பி விட்டுப்போன ஐஜிபிடி, செத்த கேட் டிரைவர், கரண்ட் சென்சார், எஸ்எம்பிஎஸ் எதுவும் இதில் தெரியாது. 500 வோல்ட்டில் மட்டும் கசியும் மாட்யூலும் டயோடு மோடின் சின்ன வோல்டேஜில் சாதுவாக இருக்கும். கெட்டது என்று சொன்னால் நம்பலாம். நல்லது என்று சொன்னால் "இதுவரை குறை தெரியவில்லை" என்று மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த படியாக கரன்ட் லிமிட்டோடு மெல்ல வோல்டேஜ் ஏற்றிப் பாருங்கள்.

சரி, யார் வாங்கலாம்? ஓடும் டிரைவின் அவுட்புட்டையும் அளக்க வேண்டிய மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு 87வி கேள்வியே இல்லை. லோ பாஸ் ஃபில்டர் அப்போது உதவும். சாதாரண மீட்டர், டிரைவ் வெட்டி வெட்டி அனுப்பும் பிடபிள்யூஎம் அலையில் ஏறுமாறாகக் காட்டும் இடத்தில் இது டிரைவின் திரையோடு ஒத்துப்போகும். மாதத்துக்கு இரண்டு டிரைவ் பார்க்கும் வைண்டிங் கடைக்கு, கேட்டகிரி 3-ல் 1,000 வோல்ட், டயோடு, 9,999 மைக்ரோஃபாரட் மூன்றும் உள்ள ஃபுளூக் 179 போதும். ஒரு குதிரைச் சக்தி டிரைவ் புதிதாக வாங்கும் விலையைவிட 87வி-யின் விலை அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐஸ் பிளாண்ட், மீன்பிடித் துறைமுகம் என்று ஈரத்திலேயே வேலை என்றால் சாதாரண 87வி வேண்டாம், அது தண்ணீர் புகாத மீட்டர் அல்ல. தண்ணீர் புகாத ஐபி67 தரம் உள்ள 87வி மேக்ஸ் அல்லது 28-2 எடுங்கள்.

வாங்கும்போது பில்லும் சீரியல் எண்ணும் பாருங்கள், இந்த மாடலுக்குப் போலி உண்டு. உள்ளே 11 ஆம்பியர், 440 மில்லியாம்பியர் ஃபியூஸ் இரண்டும் 1,000 வோல்ட் ரகம். போனால் அதே ஃபியூஸ்தான் போட வேண்டும். விலையைப் பார்த்துக் கண்ணாடி ஃபியூஸ் போட்ட அன்றே கேட்டகிரி 3 என்ற எழுத்துக்கு அர்த்தம் போய்விட்டது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் முதலில் பின்மூடியைக் கழற்றி இதைப் பாருங்கள். வயரை ஆம்பியர் துளையில் செருகிவிட்டு வோல்ட்டில் வைத்தால் 87வி கத்தும். கடையிலேயே செருகிப் பாருங்கள், கத்தாவிட்டால் வேறு கேளுங்கள். டிரைவைக் கரண்ட் இல்லாமல் சோதிக்க ஆம்பியர் துளை ஒரு நாளும் தேவைப்படாது, அதற்கு ஒரு ரப்பர் மூடி போட்டுவிடலாம்.